அப்பாவின் அம்பாசிடரும் இரண்டு தனி இருக்கைகளும்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1977-இல் பதிவான மார்க் 3 வண்டி. அதன் முன்னிருக்கையை மாற்றலாமா என்ற கேள்வியை நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கதவிலிருந்து கதவுவரை நீளும் ஒரே பெஞ்சு அது. அடியில் சுருள்வில்கள், வில்களின் மேல் தேங்காய் நார், நாரின் மேல் பழுப்பு நிற ரெக்சின். ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருப்பதால் நடுவில் தடுக்க எதுவும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் இரு பக்கமும் உட்கார, நானும் தங்கையும் நடுவில் நெருக்கிக்கொண்டு, மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளத்துக்குப் போன வண்டி. அந்தப் பெஞ்சைக் கழற்றுவது என்றால் எனக்குக் கை வரவில்லை.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது அந்தப் பெஞ்சின் அமைப்பே. இரண்டு பேர் உட்கார்ந்தாலும் இருக்கை ஒன்று. அதை முன்னும் பின்னும் நகர்த்தும் சேனலும் ஒன்றாகவே இயங்கும். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, ஆறடி உயரம். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை ஆன பிறகு அவர் ஓட்டுவதில்லை. திருநகரிலிருந்து கே.கே. நகருக்கு மாதம் இருமுறை மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்வது பெரும்பாலும் என் மனைவி. அவள் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். கிளட்ச் முழுதாக அமுங்க வேண்டுமானால் அவள் பெஞ்சைக் கடைசிவரை முன்னே இழுத்தாக வேண்டும். இழுத்தால் அப்பாவின் முழங்கால்கள் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள தட்டில் முட்டும். "பரவால்ல தாயி, ஊருக்குள்ளதான போறோம்" என்று அவர் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்ற பிறகே அவரால் நடக்க முடியும். அதை நான் நேரில் பார்த்த அன்று கேள்வி முடிவுக்கு வந்தது.

வேறு குறைகளும் இருந்தன. பெஞ்சின் சாய்மானம் அப்பாவின் தோளுக்குக் கீழேயே நின்றுவிடும். பின்னால் ஒரு வண்டி வந்து மோதினால் தலையைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. சீட் பெல்ட்டும் இல்லை. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்க, அது 1959-இலேயே விற்பனை வண்டிகளில் வந்துவிட்டது. நம் நாட்டில் முன்னிருக்கைகளுக்குப் பெல்ட் கட்டாயமானதோ 1994-இல்தான். அதற்கு முந்தைய வண்டி என்பதால் சட்டம் எங்களைக் கேட்காது. ஆனால் நான்குவழிச் சாலையில் எதிரே வரும் லாரிக்கு அந்த விதிவிலக்கு தெரியாது.

பெஞ்சையே சீர்செய்து பார்க்காமல் இல்லை. ஒரு குஷன் கடையில் கொடுத்து, ஓட்டுநர் பக்கம் உடைந்திருந்த வில்களை மாற்றி, நாரைப் புதிதாக அடைத்து வாங்கினேன். ஓராண்டு நன்றாக இருந்தது. பிறகு மறுபடி ஓட்டுநர் பக்கம் உள்வாங்கியது. அது எப்படி இருந்தாலும், ஒரே சேனல் என்ற அடிப்படைச் சிக்கலைக் குஷன் வேலையால் தீர்க்க முடியாது. 1990-களில் இசுசூ என்ஜினோடு வந்த அம்பாசிடர்களில் தரையில் கியரும் முன்னால் தனித்தனி இருக்கைகளும் இருந்தன. அவையே இயல்பான மாற்று என்று தேடினேன். கிடைத்த இரண்டு ஜோடிகளும் எங்கள் பெஞ்சைவிட மோசமாக அமிழ்ந்து, சேனல் துருவேறிக் கிடந்தன. அதன் பிறகே இக்காலக் கார் ஒன்றின் இருக்கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

ரிங் ரோட்டுப் பக்கம் வண்டி உடைக்கும் கடை ஒன்றில் இருக்கைகளை அடுக்கடுக்காகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். விலையுயர்ந்த ஒரு செடானின் தோல் இருக்கையைத்தான் கடைக்காரர் முதலில் காட்டினார். அதைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் மஞ்சள் நிற இணைப்பான் தொங்கியது. மஞ்சள் என்றால் காற்றுப்பையின் மின்சுற்று என்று பொருள். சாய்மானத்தின் ஓரத்துக்குள் விரியாத காற்றுப்பையும் அதை ஊதவைக்கும் வெடிமருந்தும் இன்னும் உள்ளே இருக்கின்றன. உரிய கட்டுப்பாட்டுப் பெட்டி இல்லாத பழைய வண்டியில் அது எவரையும் காக்காது; விவரம் தெரியாத ஒருவர் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தால் அவர் முகத்துக்கு நேரே வெடிக்கவும் கூடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்மோட்டாரால் நகரும் இருக்கைகளையும் விலக்கிவிட்டேன். அவற்றின் அடிப்பகுதி கனமானது, உயரமும் அதிகம்.

கடைசியில் மாருதி ஸ்விஃப்ட்டின் முன்னிருக்கைகள் இரண்டை எடுத்தேன். காற்றுப்பை இல்லாதவை, உயரம் மாற்றும் பொறி இல்லாத எளிய வகை, ஒவ்வொன்றும் என் அளவுநாடாவில் ஐம்பத்தொரு சென்டிமீட்டர் அகலம். எடுப்பதற்கு முன் மூன்றைச் சோதித்தேன். சேனலின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்கின்றனவா என்பது முதலாவது. அம்பாசிடரின் கிளட்ச் கனமானது, அதை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் முதுகு சாய்மானத்தைப் பின்னுக்குத் தள்ளும், ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் இருக்கை நாளடைவில் கோணிக்கொள்ளும். சாய்மானத்தின் பல்சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்பது அடுத்தது. சட்டகம் விபத்தில் வளைந்ததா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் இக்கால இருக்கைகளின் நான்கு கால்களும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. அந்தந்த வண்டியின் தரை மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருக்கும். சமதரையில் வைத்து ஆடுகிறது என்பதால் அது வளைந்தது என்று சொல்லிவிட முடியாது. இடது இருக்கையையும் வலது இருக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கிறதா என்று அளந்தே அதை உறுதி செய்தேன்.

இனிச் சொல்லப்போவது, இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தவறும் இடம். இருக்கையின் உயரத்தைக் காலியாக வைத்து அளக்கக் கூடாது. எங்கள் பழைய பெஞ்சு காலியாக இருக்கும்போது தரையிலிருந்து முப்பத்தாறு சென்டிமீட்டர். அப்பா உட்கார்ந்ததும் எட்டு சென்டிமீட்டர் அமிழ்ந்து இருபத்தெட்டில் நின்றது. ஸ்விஃப்ட் இருக்கை காலியாக முப்பத்துமூன்று. அதன் ஸ்பான்ஞ்சு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை, ஆகவே முப்பதில் நின்றது. பார்வைக்குத் தாழ்வாகத் தெரியும் புதிய இருக்கையில் மனிதர் இரண்டு சென்டிமீட்டர் உயரமாக உட்காருகிறார். அம்பாசிடரின் கூரை உயரமானது, தலை இடிக்காது. இடிப்பது தொடை. அந்தப் பெரிய ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ் விளிம்புக்கும் ஓட்டுபவரின் தொடைக்கும் நடுவே பழைய பெஞ்சில் பதினொரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. இருக்கைக்கு அடியில் நான்கு சென்டிமீட்டர் சட்டம் வைத்தால் அது பாதியாகக் குறைந்துவிடும்.

இந்தக் கணக்கு தெரிவதற்கு முன்பு நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். அவர்கள் தரைத் தகட்டில் எட்டுத் துளைகள் போட்டு, சிறு வாஷர்களோடு போல்ட்டை முறுக்கி, அரை நாளில் இருக்கைகளை நிறுத்திக் கொடுத்துவிட்டார்கள். பழங்காநத்தம் வரை போயிருப்பேன். ஒரு ஆட்டோ குறுக்கே வர பிரேக்கை அழுத்தினேன், என் இருக்கையின் பின்பக்கம் மேலெழும்பியது. வீட்டுக்கு வந்து ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, பின்னிரண்டு வாஷர்களைச் சுற்றித் தகடு மேல்நோக்கிப் பிதுங்கி, ஒன்றின் ஓரத்தில் கிழிந்தும் இருந்தது. வண்டி ஓடியது மணிக்கு நாற்பது கிலோமீட்டரில், அதுவும் சாதாரண பிரேக். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை அப்பாவை அழைத்துச் செல்ல வேண்டிய முறை என் மனைவியுடையது.

மோதலில் என்ன நடக்கும் என்பதை எளிய கணக்காலேயே அறியலாம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஏறத்தாழ அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே உள்ள எல்லாப் பொருளும் தன் எடையைப் போல் இருபது மடங்கு விசையோடு முன்னே இழுக்கும். இருக்கைகளின் உறுதிக்கான பன்னாட்டு விதிகள் சோதனைக்கு எடுத்துக்கொள்வதும் இந்த இருபது மடங்கைத்தான். பதினாறு கிலோ இருக்கை முந்நூற்றிருபது கிலோவாக இழுக்கும். ஸ்விஃப்ட் இருக்கையில் பெல்ட்டின் கொக்கி இருக்கைச் சட்டகத்திலேயே பொருத்தப்பட்டிருப்பதால், உட்கார்ந்திருப்பவரின் விசையில் ஒரு பங்கும் அந்த நான்கு போல்ட்டுகள் வழியாகவே தரைக்குப் போகும். இக்கால வண்டியில் அந்த விசையை வாங்கிக்கொள்ள இருக்கைக்கு அடியில் வலுவான குறுக்குச் சட்டம் வைத்தே தரையை அமைக்கிறார்கள். பழைய வண்டியின் மெல்லிய தகடு ஒரு பெஞ்சைத் தாங்குவதற்காகப் போடப்பட்டது. அதனிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இருக்கையை எந்த வண்டியிலிருந்தும் கொண்டுவந்துவிடலாம், அதன் தரையைக் கொண்டுவர முடியாது.

ஆகவே தரையிலிருந்து தொடங்கினோம். டிங்கர் வேலை செய்யும் பாய் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக அம்பாசிடர், பத்மினி கார்களைப் பார்த்தவர், விரிப்பையும் அதற்கடியில் இருந்த சணல் மெத்தையையும் முழுதாக உரித்தெடுத்தார். ஓட்டுநரின் குதிகால் படும் இடத்தில் உள்ளங்கை அளவுக்குத் தகடு பொடிந்திருந்தது. மழைக்காலத்தில் நனைந்த செருப்போடு ஏறிய நாற்பது ஆண்டுத் தண்ணீர் அந்தச் சணலில்தான் தேங்கியிருக்கிறது. பொடிந்ததை வெட்டியெடுத்து, பதினெட்டு கேஜ் தகட்டை அளவாக நறுக்கி, சிஓ2 வெல்டிங்கில் விட்டுவிட்டுப் பற்றவைத்தார். தொடர்ச்சியாக ஓட்டினால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்பதால் ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் பீடியை அணைத்துவிட்டுக் காத்திருந்த பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது சட்டம். புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருபத்தைந்து மில்லிமீட்டர் ஸ்கொயர் பைப்பில், மூன்று மில்லிமீட்டர் கனத்தில், இருக்கைக்கு ஒன்றாக இரண்டு சட்டங்கள் செய்வித்தேன். உயரச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர் அந்தப் பட்டறைக்காரரே. "காலுக்கு அடியில ஏண்ணே பைப்பக் குடுக்குறீங்க, பக்கத்துல ஓட விடுங்க" என்றார். அப்படியே பைப்பைக் கால்களுக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடவிட்டு, அதிலிருந்து நீட்டிய ஆறு மில்லிமீட்டர் தட்டுகளின் மேல் கால்களை அமர்த்தினோம். நான்கு சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டிய இருக்கை ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. தொடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர் மிஞ்சியது.

சட்டத்தைத் தரையோடு பற்றவைக்கவில்லை. பெஞ்சின் சேனல் இருந்த பழைய துளைகளையும், முதல் பட்டறை போட்டவற்றில் நல்ல இடத்தில் அமைந்த நான்கையும் பயன்படுத்தி போல்ட்டால் பிடித்தோம், மற்றவற்றைப் பாய் அடைத்துவிட்டார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் வண்டிக்கு அடியில் எழுபத்தைந்துக்கு எழுபத்தைந்து மில்லிமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் கனத் தட்டு. அதன் மூலைகளை உருட்டி ராவியிருந்தோம், கூர்மையான மூலை இருந்தால் இழுவிசையில் அதுவே தகட்டைக் கிழிக்கும் கத்தியாகிவிடும். போல்ட்டுகள் தலையில் 8.8 என்று பொறித்தவை. அந்த எண் உள்ள எஃகு சதுர மில்லிமீட்டருக்கு எண்ணூறு நியூட்டன்வரை இழுவிசை தாங்கும். வன்பொருள் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் எண்ணில்லாப் போல்ட்டை இங்கே போடவே கூடாது.

மரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்பதால் அதன் மரைகள் அங்குல அளவிலானவை. ஸ்விஃப்ட்டின் மரைகள் மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஐந்தின்கீழ் பதினாறு அங்குல நட்டில் இரண்டு சுற்று ஏறியதும் இறுகிவிடும், பிடித்துக்கொண்டது என்று கை நம்பிவிடும், பிறகு மரை உரிந்துபோகும். ஆகவே இருக்கைக்கும் சட்டத்துக்கும் மில்லிமீட்டர், சட்டத்துக்கும் தரைக்கும் அங்குலம் என்று பிரித்து, இரண்டு டப்பாக்களில் தனித்தனியாக வைத்துக்கொண்டோம்.

இந்தச் சட்டங்களைச் செய்யக் கொடுக்கும் முன்பே ஒருநாள் முழுவதும் ஒத்திகை பார்த்திருந்தோம். செங்கல்லும் பிளைவுட் துண்டுகளும் வைத்து இருக்கையை நிறுத்தி, அப்பாவை உட்காரச் சொன்னோம். அவர் அரைமணி நேரம் செய்தித்தாள் படித்தார். பின்புறத்தை ஒரு பிளைவுட் துண்டு அளவுக்குத் தாழ்த்தச் சொன்னார், தொடை முழுதும் தாங்கப்படுகிறது, இடுப்பில் இழுப்பு இல்லை என்றார். என் மனைவி கிளட்சையும் கியரையும் சோதித்தாள். அம்பாசிடரில் இரண்டாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் கம்பு கீழே இறங்கும். இறங்கியபோது அவளுடைய இடது முழங்காலில் உரசியது. இருக்கையை வலப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தியதும் சரியானது. சட்டம் செய்த பிறகு இது தெரிய வந்திருந்தால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டியிருக்கும்.

வண்டியின் உடலில் நிரந்தரமாக நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான். தோள் பெல்ட்டின் மேல்முனைக்காகக் கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில், உட்புறம் தட்டு கொடுத்து, பெல்ட்டுக்கென்றே உள்ள ஏழின்கீழ் பதினாறு அங்குல நட்டைப் பற்றவைத்தோம். மூலவடிவம் கெடக் கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு, அதனால்தான் பெஞ்சைத் திரும்ப மாட்டுவதற்கான எல்லாத் துளைகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் இந்த நட்டுக்காக நான் வருந்தவில்லை.

அரசின் சட்டவிதியைப் பற்றியும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்தமாக எடுத்துரைத்தது. எங்கள் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை ஐந்து. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என்று அது இப்போதும் ஐந்துதான். பெஞ்சில் முன்னால் மூவர் என்று சான்று உள்ளவர்கள் இருக்கையைத் தொடும் முன்பு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது.

உறை தைத்தது பழைய குஷன் கடையிலேயே. பெஞ்சில் இருந்த அதே பழுப்பு ரெக்சின், அதே நெடுக்குக் கோடுகள். ஆனால் உடம்பு படும் நடுப்பகுதிக்குத் துணி. அக்கினி நட்சத்திரத்தில் வெயிலில் நின்ற வண்டியின் ரெக்சினில் உட்கார்ந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தேங்காய் நாரின் ஊடாகக் காற்று நடமாடும், ஸ்பான்ஞ்சில் நடமாடாது. நீண்ட பயணத்தில் பழைய பெஞ்சு முதுகை வியர்க்கவிட்டதில்லை. புதியது வியர்க்க வைக்கிறது.

முதல் நெடும்பயணமாக ஆண்டிப்பட்டிக் கணவாய் வழியாகத் தேனிக்குப் போனோம். மனைவி ஓட்டினாள், அவள் இருக்கை சேனலின் முன்முனையில். அப்பாவின் இருக்கை பின்முனையில். நான் பின்னால் உட்கார்ந்து இருவரின் தோள்களுக்கும் நடுவே முதன்முறையாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். "மாமா, பெல்ட்டு" என்று அவள் நினைவூட்ட, அப்பா கொக்கியைத் தேடித் தடவி, மூன்றாம் முறையில் மாட்டினார். உசிலம்பட்டி தாண்டியதும் காலை நீட்டிக்கொண்டு உறங்கிவிட்டார். அந்த வண்டியில் அவர் உறங்கி நான் பார்த்ததில்லை. தேனியில் இறங்கியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நேரே நடந்தார்.

திரும்பி வந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்த்தேன். இடப்பக்கப் பின் நட்டு மட்டும் கால் சுற்று இறங்கியது. புதிய தட்டு தரையோடு படிந்ததன் விளைவு அது. நைலான் பதித்த நட்டாக அதை மாற்றிவிட்டேன். முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருமுறை பார்த்தேன், அசையவில்லை.

பெஞ்சு இப்போது மாடி அறையில், பழைய வேட்டி போர்த்திய நிலையில், எலி எட்டாத உயரத்தில் பரணில் இருக்கிறது. தேனிப் பயணத்தில் அப்பா கண் விழித்தபோது, நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் கையிலிருந்த மஞ்சள் பையைப் பக்கத்தில் வைத்தார்; பை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தரையில் விழுந்து, மாத்திரை அட்டைகள் சிதறின. நானும் தங்கையும் உட்கார்ந்த இடம் அது. ஒத்திகைக்கு வாங்கியதில் மீந்த பிளைவுட்டில், இரு சட்டங்களின் உள்பக்கப் போல்ட்டுகளிலேயே பிடித்துக்கொள்ளும்படி ஒரு தட்டு செய்து, பழைய ரெக்சினில் மிஞ்சிய துண்டை அதன்மேல் ஒட்டினேன். அப்பாவின் பை இப்போது அங்கே இருக்கிறது.